இறந்தோரை எண்ணிய அறிஞர்

எண் என்றால் ஈரமற்றது என்று கருதும் நண்பர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுக்கு வில்லியம் ஃபாரின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் கென்லி என்னும் சிற்றூரில், 1807-ஆம் ஆண்டு, ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் ஃபார். செல்வர் ஒருவர் அவரை எடுத்து வளர்த்தார். பாரிசிலும் இலண்டனிலும் மருத்துவம் பயின்றார். ஆனால் அவர் உள்ளத்தை ஈர்த்தவை எண்களே. 1839-இல் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தில் சேர்ந்து, ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்கேயே உழைத்தார். நாட்டில் யார் இறந்தாலும் அவர் வயதும் இறப்பின் காரணமும் அந்த ஏடுகளில் ஏறின.

1847-ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் மாநகரை இன்ஃபுளுவென்சாக் காய்ச்சல் தாக்கியது. அந்நோயின் பெயரில் பதிவான சாவுகள் சிலவே. ஆனால் மார்ச்சளி, நுரையீரல் அழற்சி, ஆஸ்துமா முதலிய பெயர்களில் சாவுகள் பெருகின. நோயின் பெயர் மறைத்ததை மொத்தக் கணக்கு காட்டிவிடும் என்று ஃபார் கண்டார். அப்பருவத்தில் வழக்கமாக இறப்போர் எத்தனை பேர் என்று முன்னைய ஆண்டுகளைக் கொண்டு கணித்தார். உண்மையில் இறந்தோர் தொகையிலிருந்து அதைக் கழித்தார். எஞ்சியவர்கள் சுமார் 5000 பேர்! ஒரு கழித்தல் கணக்கு, கொள்ளைநோயின் முழு உருவத்தையும் வெளிக்கொணர்ந்தது.

1848-49-இல் காலரா வந்தது. இலண்டனில் 14,000 பேருக்கு மேல் மாண்டனர். தேம்ஸ் ஆற்றை ஒட்டிய தாழ்நிலங்களிலேயே சாவு மிகுதி என்று ஃபார் கணக்கிட்டார். கணக்கு சரி, கண்ட காரணம் தவறு. கெட்ட காற்றே நோய்க்கு மூலம் என்று அவர் எண்ணினார். தண்ணீரே காரணம் என்றார் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர். அக்கருத்தை ஃபார் முழுதும் ஏற்கவில்லை. ஆயினும் ஸ்னோ கேட்ட விவரங்களை மறைக்காமல் தந்தார். ஸ்னோ 1858-இல் காலமானார். 1866-இல் கிழக்கு இலண்டனில் காலரா மீண்டும் வந்தபோது, ஒரே கம்பெனியின் தண்ணீரைக் குடித்த பகுதியிலேயே சாவுகள் குவிந்திருப்பதை ஃபார் கண்டார். தண்ணீரே குற்றவாளி என்று அறிக்கை எழுதினார். தம் கொள்கையைத் தம் எண்களே வீழ்த்த, அதை அவர் மனமார ஏற்றார். அறிவியல் பயிலும் எனக்கு அவர் வாழ்வின் சிகரம் இதுவே.

தலைமைப் பதிவாளர் பதவி அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. 1883-இல் மறைந்தார். அவர் காட்டிய வழி மறையவில்லை. கோவிட் பரவிய 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உலகில் பதிவான கோவிட் சாவுகள் சுமார் 54 இலட்சம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் மதிப்பிட்ட மிகுதிச் சாவுகளோ சுமார் 1 கோடியே 49 இலட்சம்!

நண்பர்களே, ஊர்விட்டு வந்து வாழ்பவர்கள் நாம். வந்த ஊரில் மாளும் எளியவனுக்குப் பெயர் சொல்ல ஆள் இருக்காது. அவன் நோய்க்குப் பெயர் எழுதவும் ஆள் இருக்காது. ஏட்டில் ஓர் எண்ணாகவேனும் அவன் நிற்க வேண்டும். அந்த எண்ணைப் பொய்யின்றி எழுதுவதும் அறமே.