குற்றப்பரம்பரை சட்டத்தை எதிர்த்த பாரிஸ்டர்! – மதுரை மறக்காத ‘ரோசாப்பூ துரை’

உசிலம்பட்டி, சேடபட்டி பக்கம் போனால் ‘ரோசாப்பூ’ என்று பெயர் வைத்த ஆண்பிள்ளைகளைப் பார்க்கலாம். இது என்ன, ஆம்பளைக்குப் பூவின் பெயரா என்று வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள்.

அது பூவை நினைத்து வைத்த பெயர் இல்லை. ஒரு வக்கீலை நினைத்து வைத்தது!

அந்த வக்கீல் மதுரையில் பிறந்தவர் அல்ல. தாய்மொழி தமிழும் அல்ல. திருவாங்கூர் சமஸ்தானத்தில் இருந்து பிழைப்புக்காக இங்கே வந்து குடியேறிய மலையாளக் கிறிஸ்தவர். பெயர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்.

ஜோசப் என்ற பெயர் கிராமத்து வாயில் புகுந்து ‘ரோசாப்பு’ ஆகிவிட்டது என்கிறார்கள். கோட்டில் எப்போதும் ரோஜாப்பூ செருகியிருப்பார், அதனால் வந்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. எது எப்படியோ, வெள்ளைக்கார அதிகாரிகளைக் கூப்பிடுகிற ‘துரை’ பட்டமும் அவரோடு ஒட்டிக்கொண்டது.

லண்டனில் படிப்பு

1887-ம் ஆண்டு ஜூன் 5-ந்தேதி செங்கன்னூரில் பிறந்தார் ஜோசப். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். அப்புறம் கப்பல் ஏறி ஸ்காட்லாந்து போய் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார். லண்டனில் பாரிஸ்டர் பட்டமும் வாங்கினார். பத்திரிகை உலகில் பெரும் புகழ் பெற்ற ஆசிரியர் போத்தன் ஜோசப் இவருடைய தம்பிதான்.

1909-ல் ஊர் திரும்பியவர், முதலில் சென்னையில் தொழில் பார்த்தார். பிறகு மதுரைக்கு வந்துவிட்டார். அந்தக் காலத்தில் மதுரை ஜில்லா கோர்ட்டு நடந்தது திருமலை நாயக்கர் மகாலில். சீமையில் படித்த பாரிஸ்டருக்கு கட்சிக்காரர்கள் பஞ்சமா? தொழில் சூடு பிடித்தது. நல்ல வருமானம்.

வந்த வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவர் இருக்கவில்லை.

முதல் உலகப் போர் முடியும் நேரம். அன்னிபெசன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கம் சூடாக இருந்தது. சுயாட்சி கேட்டு இங்கிலாந்தில் பேச ஒரு தூதுக்குழுவை அனுப்பினார் அம்மையார். அதில் ஜோசப்பும் ஒருவர். சேலம் வக்கீல் பி.வி.நரசிம்மய்யர் இன்னொருவர். (இந்த நரசிம்மய்யர்தான் பிற்காலத்தில் சாமியாராகி, மயிலாப்பூர் சாய்பாபா கோவிலுக்குக் காரணமாக இருந்தவர்!) கப்பல் ஜிப்ரால்டர் வரைதான் போனது. அங்கேயே தடுத்து நிறுத்தி திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மில் தொழிலாளர் சங்கம்

திரும்பி வந்தவர் சோர்ந்துவிடவில்லை. மதுரையில் ஹார்வி மில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள். கூலியோ குறைவு, வேலை நேரமோ அதிகம். கேட்க நாதி இல்லை.

1918-ல் மதுரை மில் தொழிலாளர்களுக்கு சங்கம் அமைத்தார் ஜோசப். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் துணை நின்றார். சங்கம் போராடியதில் கூலி கொஞ்சம் கூடியது, வேலை நேரமும் குறைந்தது. ஆனால் மில் முதலாளிகளும் சர்க்காரும் கைகோர்த்துக்கொண்டு கொஞ்ச காலத்தில் அந்த சங்கத்தை ஒடுக்கிவிட்டார்கள்.

அதே ஆண்டில் வரதராஜுலு நாயுடு மதுரையில் பேசிய பேச்சு ராஜத் துரோகம் என்று வழக்கு வந்தது. சேலத்தில் இருந்து ராஜாஜி வந்து வாதாடினார். கூடவே நின்று உதவியவர் ஜோசப். மறு ஆண்டு ரவுலட் சட்ட எதிர்ப்பு. மதுரையில் கடையடைப்பு, உண்ணாவிரதம், பொதுக்கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னணி.

ரேகை சட்டம்

இத்தனையும் அந்தக் காலத்து தேசபக்தர்கள் பலர் செய்ததுதான். ஜோசப்பை கிராமங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு.

குற்றப்பரம்பரை சட்டம் என்று ஒன்றை வெள்ளையர் கொண்டுவந்தார்கள். வடக்கே 1871-ல் வந்த சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. மதுரை ஜில்லாவில் பிரமலைக் கள்ளர்கள் மீது அது பாய்ந்தது. குற்றம் செய்தவனைப் பிடிப்பது ஒன்று. இந்தச் சட்டமோ, இன்ன ஜாதியில் பிறந்தாலே குற்றவாளி என்றது!

ஊரில் உள்ள ஆண்பிள்ளைகள் எல்லாம் கைரேகை வைக்க வேண்டும். அதனால் ஜனங்கள் அதற்கு ‘ரேகை சட்டம்’ என்றே பெயர் வைத்தார்கள். ராத்திரி ஆனால் போலீஸ் ஸ்டேஷனிலோ, போலீசார் காட்டிய இடத்திலோ போய்ப் படுக்க வேண்டும். பெண்டாட்டி பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றாலும் விட மாட்டார்கள். பக்கத்து ஊர் கல்யாணத்துக்குப் போகவும் ‘ராதாரிச் சீட்டு’ வாங்க வேண்டும். சீட்டு இல்லாமல் மாட்டினால் ஜெயில். உழுது பிழைத்தவனுக்கும் இதே கதிதான். யோசித்துப் பாருங்கள், வீடு இருந்தும் வீட்டில் படுக்க முடியாத பிழைப்பு!

1920-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந்தேதி பெருங்காமநல்லூருக்கு ரேகை எடுக்கப் போனது போலீஸ். ஊர் மறுத்தது. துப்பாக்கிச்சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் செத்தார்கள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் மாயக்காள் என்று அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள்.

சுடப்பட்டவர்கள் பக்கம் நிற்கவே படித்தவர்கள் தயங்கிய நேரம். குற்றவாளி ஜாதி என்று சர்க்காரே முத்திரை குத்திய பிறகு, அவர்களுக்காகப் பேசினால் என்ன பெயர் வரும்? ஜோசப் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கோர்ட்டில் அவர்களுக்காக வாதாடினார். பத்திரிகைகளில் எழுதினார். பிறப்பை வைத்து ஒருவனைக் குற்றவாளி ஆக்குவது சட்டமே ஆகாது என்பதுதான் அவருடைய கட்சி. ஒரு வழக்கு, இரண்டு வழக்கு என்று நிற்காமல் கடைசிவரை அந்த மக்களை விடவில்லை.

கோட்டைக் கழற்றினார்

ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது பணம் கொட்டிய வக்கீல் தொழிலை உதறினார். மோதிலால் நேருவின் ‘இண்டிபெண்டன்ட்’ பத்திரிகைக்கு ஆசிரியராக அலகாபாத் போனார். 1921 டிசம்பர் 6-ந்தேதி மோதிலாலையும் ஜவகர்லாலையும் போலீஸ் பிடித்தது. அன்று இவரும் பிடிபட்டார். 18 மாத தண்டனை. லக்னோ ஜெயிலில் ஜவகர்லால் நேரு, மகாதேவ தேசாய், காந்தியின் மகன் தேவதாஸ் எல்லாம் இவருடைய ஜெயில் கூட்டாளிகள். வெளியே வந்ததும், 1923-ல் காந்தியின் ‘யங் இந்தியா’வுக்கும் ஆசிரியராக இருந்தார்.

அடுத்த ஆண்டு வைக்கம் சத்தியாக்கிரகம். கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கக் கூடாது என்பதை எதிர்த்த போராட்டம். முதலில் இருந்த தலைவர்கள் கைதானதும் ஜோசப் தலைமை ஏற்றார். இது இந்துக்கள் தீர்க்க வேண்டிய விஷயம், கிறிஸ்தவரான நீங்கள் ஒதுங்கி இருங்கள் என்ற கருத்தில் காந்தி கடிதம் எழுதினார். ஆனால் ஜோசப் ஒதுங்கவில்லை. தெருவில் நடக்கும் உரிமை மனிதனின் உரிமை, அதில் இந்து என்ன, கிறிஸ்தவன் என்ன என்பது அவர் வாதம். ஏப்ரல் 11-ந்தேதி கைதாகி ஜெயிலுக்குப் போனார். தலைவர்கள் எல்லாம் உள்ளே போன நிலையில்தான் ஈரோட்டுக்கு அழைப்பு போய், பெரியார் வைக்கம் புறப்பட்டார்.

காந்தியோடு அன்று ஏற்பட்ட விரிசல் முழுசாகச் சேரவில்லை என்றே தோன்றுகிறது. தலைவர் சொன்னார் என்பதற்காக தலையாட்டுகிற ஆள் அல்ல ஜோசப். அதனால் அகில இந்திய அரசியலில் அவருக்கு நஷ்டம்தான். மதுரைக்கு லாபம்! 1925-ல் இங்கேயே திரும்பி வந்து மறுபடி கோர்ட்டுக்குப் போனார்.

காமராஜருக்காக வாதாடினார்

1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கு. போலீஸ் நிலையத்தில் குண்டு வீசிய சதியில் பங்கு உண்டு என்று காமராஜரையும் சேர்த்தார்கள். அப்போது அவர் முப்பது வயது இளைஞர். தண்டனை விழுந்திருந்தால் அவர் அரசியல் வாழ்க்கையே வேறு மாதிரி ஆகியிருக்கும். வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் அவர் பக்கம் நின்று வாதாடினார்கள். வழக்கு நிற்கவில்லை. காமராஜர் விடுதலை ஆனார்.

1937 ஜூலையில் மதுரை–ராமநாதபுரம்–திருநெல்வேலி தொகுதியில் இருந்து மத்திய சட்டசபைக்கு காங்கிரஸ் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டார். செங்கன்னூர்க்காரரை தென் தமிழ்நாட்டு ஜனங்கள் தங்கள் ஆளாக டெல்லிக்கு அனுப்பினார்கள்.

அந்தப் பதவியில் எட்டு மாதம்கூட முழுசாக இருக்கவில்லை. சிறுநீரகக் கோளாறு. 1938 மார்ச் 5-ந்தேதி மதுரை அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. வயது ஐம்பதுதான்.

ரேகை சட்டம் சென்னை மாகாணத்தில் ரத்தானது 1947-ல். அதைப் பார்க்க அவர் இல்லை.

மதுரை கீழவாசல் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் நினைவு நாளில் உசிலம்பட்டி பக்கத்து கிராமத்து ஜனங்கள் அங்கே மாலையோடு வருவது வழக்கம்.