ஐஃபில் கோபுரத்தைத் தேடாத பாரிஸ் புகைப்படக்காரர்

விடுமுறையில் புதிய நகரம் ஒன்றுக்குச் சென்றால் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். அந்த நகரின் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வரும் கட்டடத்தைத் தேடிப் போவோம். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வோம். பிறகு அடுத்த இடத்துக்கு நகர்வோம். கோலாலம்பூர் என்றால் இரட்டைக் கோபுரம், சிங்கப்பூர் என்றால் மெர்லையன், பாரிஸ் என்றால் ஐஃபில் கோபுரம்.

அந்த ஐஃபில் கோபுரம் 1889ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதையொட்டிய காலத்தில் பாரிசில் நிலையாகக் குடியேறிய ஒருவர், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நகரைப் புகைப்படம் எடுத்தார். 8,000க்கும் அதிகமான படங்கள். ஆனால் அவற்றில் ஐஃபில் கோபுரத்தைக் காண்பது மிக அரிது. மாடிப்படிகள், கதவில் பொருத்திய இரும்புத் தட்டிகள், கடைப் பெயர்ப்பலகைகள், குறுகிய சந்துகள், தெரு வியாபாரிகள், ஆளில்லாத பூங்காக்கள் ஆகியவையே அந்தப் படங்களை நிறைத்திருக்கின்றன.

அவர் பெயர் யூஜின் அட்ஜே. நவீன புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவராக இன்று மதிக்கப்படுபவர். நகரைச் சுற்றிப் பார்ப்பதையே வாழ்நாள் படைப்பாக மாற்றிக்கொண்ட அவரது கதை, கையில் எப்போதும் ஒரு கேமராவை வைத்திருக்கும் நம் தலைமுறைக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று.

தோல்வியில் தொடங்கிய இளமை

அட்ஜே 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி, பிரான்சின் தென்மேற்கில் உள்ள லிபோர்ன் என்ற சிற்றூரில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். சிறிது காலத்தில் தாயும் இறந்துவிட, போர்தோ நகரில் தாயின் பெற்றோரிடம் வளர்ந்தார். படிப்பு முடிந்ததும் வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து கடலில் சுற்றினார்.

ஆனால் அவர் ஆசைப்பட்டது மேடை நடிப்புக்கு. 1878ல் பாரிசுக்கு வந்து நாடகக் கல்லூரியின் நுழைவுத் தேர்வை எழுதினார். தேர்ச்சி பெறவில்லை. மறு ஆண்டு மீண்டும் முயன்று இடம் பிடித்தார். அதே நேரத்தில் கட்டாய ராணுவ சேவையும் செய்ய வேண்டியிருந்தது. தேசிய சேவையையும் படிப்பையும் எப்படிச் சமாளிப்பது என்று யோசிக்கும் சிங்கப்பூர் இளையர்களுக்கு அவரது சிரமம் எளிதில் புரியும். அவருக்கோ இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. வகுப்புகளுக்கு ஒழுங்காகச் செல்ல முடியாத நிலையில், 1881ல் கல்லூரி அவரை வெளியேற்றியது.

அதன் பிறகு ஊர் ஊராகச் சென்று நாடகம் போடும் குழுக்களில் சிறு வேடங்களில் நடித்தார். அந்தக் காலத்தில்தான், 1886ல், நடிகை வேலன்டின் கொம்பானியோனைச் சந்தித்தார். இருவரும் கடைசி வரை சேர்ந்து வாழ்ந்தார்கள். ஆனால் மேடை வாழ்க்கை நீடிக்கவில்லை. தொண்டையில் ஏற்பட்ட கோளாறு நடிப்புக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஓவியம் வரைந்து பார்த்தார். அதிலும் பெயர் கிடைக்கவில்லை.

முப்பது வயதைக் கடந்த நிலையில் அவர் கேமராவைக் கையில் எடுத்தார். பிழைப்புக்கு ஒரு தொழில் வேண்டும் என்பதே முதல் நோக்கம்.

ஓவியர்களுக்குப் படம் விற்றவர்

அப்போது ஓவியர்களுக்கு மாதிரிப் படங்கள் தேவைப்பட்டன. ஒரு மரத்தின் கிளை எப்படி வளைகிறது, ஒரு பூவின் இதழ் எப்படி விரிகிறது என்று பார்த்து வரைய வேண்டும். ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்க்க எல்லாருக்கும் நேரம் இருக்காது. அந்தத் தேவையைத்தான் அட்ஜே பிடித்துக்கொண்டார். ‘ஓவியர்களுக்கான ஆவணங்கள்’ என்று ஒரு பலகையைத் தொங்கவிட்டுத் தொழிலைத் தொடங்கினார். செடிகள், மரங்கள், விலங்குகள், வயல்வெளிகள் எனப் படம் எடுத்து விற்றார். கட்டடக் கலைஞர்களும் மேடை அலங்காரம் செய்வோரும் அவரிடம் வாங்கினார்கள்.

பின்னாளில் எத்தனை பாராட்டு வந்தாலும், தம் படங்களை ‘ஆவணங்கள்’ என்று அழைப்பதையே அவர் விரும்பினார்.

மறையும் நகரைத் தேடி

1897ஐ ஒட்டி அவருடைய கவனம் பழைய பாரிஸ் பக்கம் திரும்பியது. அதற்குக் காரணம் இருந்தது. 1853 முதல் 1870 வரை, பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், ஓஸ்மான் என்ற நிர்வாகி பாரிசின் பழைய குடியிருப்புகளை இடித்து அகலமான சாலைகளை அமைத்திருந்தார். இடிப்பு அதோடு நிற்கவில்லை. நூற்றாண்டின் இறுதியில் மெட்ரோ ரயிலுக்காக மீண்டும் தெருக்கள் தோண்டப்பட்டன. முதல் மெட்ரோ பாதை 1900ல் திறக்கப்பட்டது. எஞ்சியிருக்கும் பழைய நகரைப் பற்றிய கவலை பாரிஸ் மக்களிடம் வளர்ந்தது. நகர மன்றம் பழைய பாரிசைக் கவனிக்க ஒரு குழுவையே அமைத்தது.

அட்ஜேயை யாரும் அந்தக் குழுவில் சேர்க்கவில்லை. அவர் தாமாகவே நடக்கத் தொடங்கினார்.

முதலில் தெருவில் பிழைப்பவர்களை எடுத்தார். கூடை விற்பவர், விளக்குக்கூடு விற்பவர், பழந்துணி பொறுக்குபவர், கைப்பிடியைச் சுழற்றி இசைப்பெட்டி வாசிக்கும் முதியவர், அவர் பக்கத்தில் நின்று பாடும் சிறுமி. பெரிய பேரங்காடிகள் வளர வளர இந்தத் தொழில்கள் மறைந்துகொண்டிருந்தன. பிறகு கட்டடங்களுக்கு வந்தார். வெளிமுகப்பு, முற்றம், மாடிப்படி, கைப்பிடிக் கம்பி, கதவைத் தட்டும் வளையம் என்று ஒரே வீட்டைப் பல கோணங்களில் எடுத்தார். நகரின் வழியே ஓடிய பியேவ்ர் என்ற சிறு ஆற்றையும் அதன் கரையில் இருந்த தோல் பதனிடும் இடங்களையும் எடுத்தார். 1912ல் பாரிசுக்குள் அந்த ஆறு முழுவதுமாக மூடப்பட்டுவிட்டது. இன்று அந்த ஆற்றின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவருடைய படங்களைப் போன்றவற்றைத்தான் நாட வேண்டும்.

நாம் திறன்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறோம். அவர் சுமந்தது மரத்தாலான பெரிய கேமரா, முக்காலி, 18க்கு 24 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடுகள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தகடு. எனவே வெறுமனே சொடுக்கித் தள்ள முடியாது. நின்று, பார்த்து, முடிவு செய்த பிறகே எடுக்க வேண்டும். கூட்டம் வருவதற்கு முன் அதிகாலையில் கிளம்பிவிடுவார். ஒரு படம் பதியச் சில விநாடிகள் ஆகும் என்பதால், இடையில் நடந்து போனவர்கள் சில படங்களில் வெறும் நிழல் போலத் தெரிகிறார்கள். கட்டடம் மட்டும் தெளிவாக நிற்கிறது.

அவர் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார். சில தெருக்களை இருபது ஆண்டு இடைவெளியில் மறுபடியும் எடுத்திருக்கிறார். ஒரு முறை பார்த்ததோடு ஓர் இடம் தெரிந்துவிட்டது என்று அவர் நினைக்கவில்லை.

படத்தின் பின்னால் எழுதியது

அட்ஜேயின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதிகம் பேசப்படாத ஒன்று. அவர் ஒவ்வொரு தகட்டுக்கும் ஓர் எண் கொடுத்தார். அச்சிட்ட படத்தின் பின்னால் அது எந்தத் தெரு, எந்தக் கட்டடம் என்று பென்சிலால் எழுதினார். படங்களைத் தலைப்பு வாரியாகப் பிரித்தார். வண்டிகளுக்கு ஒரு தொகுப்பு, கடைகளுக்கு ஒரு தொகுப்பு, வீட்டின் உட்புறங்களுக்கு ஒரு தொகுப்பு. வாங்குபவர்களின் பெயர், முகவரி ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு குறிப்பேடும் வைத்திருந்தார்.

இந்த ஒழுங்குதான் அவருக்குச் சோறு போட்டது. கார்னவாலே அரும்பொருளகம், பாரிஸ் நகர வரலாற்று நூலகம், பிரெஞ்சுத் தேசிய நூலகம் ஆகியவை அவரிடம் படங்கள் வாங்கின. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகமும் வாங்கியது. எந்த இடம் என்று தெரியாத அழகான படத்தைவிட, எந்த இடம் என்று தெளிவாகச் சொல்லும் படமே நூலகங்களுக்குப் பயன்பட்டது.

போரும் விற்பனையும்

1914ல் முதல் உலகப் போர் மூண்டது. வேலன்டினின் மகன் லியோன் போரில் உயிரிழந்தார். அட்ஜே பல ஆண்டுகளாகச் சேர்த்த கண்ணாடித் தகடுகளைப் பாதுகாப்புக்காகக் கட்டடத்தின் நிலவறையில் வைத்தார். படம் எடுப்பது ஏறக்குறைய நின்றுபோனது.

போர் முடிந்தபோது அவருக்கு அறுபது வயதைக் கடந்துவிட்டது. தமக்குப் பின் இந்தத் தகடுகள் என்னவாகும் என்ற கவலை அவரை வாட்டியது. அவற்றின் மதிப்புத் தெரியாதவர் கையில் போய் அழிந்துவிடக்கூடாது என்று அஞ்சினார். 1920ல், நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்கும் பொறுப்பிலிருந்த அரசாங்க அதிகாரிக்குத் தாமே கடிதம் எழுதினார். 2,621 தகடுகளை அரசு 10,000 ஃபிராங்க்குக்கு வாங்கிக்கொண்டது.

கையில் பணம் வந்தது. ஓய்வெடுத்திருக்கலாம். ஆனால் அவர் மீண்டும் கேமராவைத் தூக்கினார். வாடிக்கையாளர் யார், விற்குமா என்ற கேள்விகள் பின்னால் போயின. வெர்சாய், செயின்ட் குளூ பூங்காக்களின் குளங்களையும் சிலைகளையும் மரவேர்களையும் எடுத்தார். 1925ல், 68 வயதில், சோ என்ற இடத்தில் பராமரிப்பின்றிக் கிடந்த பழைய பூங்காவுக்கு மார்ச் முதல் ஜூன் வரை திரும்பத் திரும்பச் சென்று 66 படங்கள் எடுத்தார். சிலவற்றில் காலை ஏழு மணி என்று நேரம்கூடக் குறிக்கப்பட்டிருக்கிறது. அவருடைய மிகச் சிறந்த படங்களில் பல இந்தக் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்தவை என்று கருதுவோர் உண்டு.

காப்பாற்றிய இளம்பெண்

அட்ஜே குடியிருந்த அதே தெருவில் மேன் ரே என்ற அமெரிக்கக் கலைஞர் இருந்தார். அவர் அட்ஜேயிடம் சில படங்கள் வாங்கினார். 1926ல் அவற்றுள் ஒன்று ஒரு கலை இதழின் அட்டையில் வந்தது. சூரிய கிரகணத்தைப் பார்க்கத் தெருவில் கூடி நிற்கும் மக்களின் படம் அது. தம் பெயரைப் போட வேண்டாம் என்று அட்ஜே கேட்டுக்கொண்டார்.

மேன் ரேயின் உதவியாளராக இருந்தவர் பெரனிஸ் அபோட் என்ற இளம் அமெரிக்கப் பெண். அட்ஜேயின் படங்களைப் பார்த்த நொடியிலிருந்து அவற்றை அவரால் மறக்க முடியவில்லை. 1926ல் வேலன்டின் இறந்த பிறகு தனிமையில் இருந்த முதியவரை, மறு ஆண்டு தமது படக்கூடத்துக்கு அழைத்துப் படம் எடுத்தார். ஒட்டுப்போட்ட வேலை உடுப்பில் வருவார் என்று அபோட் எதிர்பார்த்திருக்க, அவரோ நல்ல மேலங்கி அணிந்து வந்தார். அச்சிட்ட படங்களைக் காட்ட அபோட் அவர் வீட்டுக்குச் சென்றபோது, அட்ஜே உயிருடன் இல்லை. 1927 ஆகஸ்ட் 4ஆம் தேதி அவர் காலமாகியிருந்தார்.

வீட்டில் எஞ்சியிருந்தவை ஆயிரத்துக்கும் அதிகமான தகடுகள், பல ஆயிரம் அச்சுப்படங்கள். அபோட் அலைந்து திரிந்து, பணம் திரட்டி அவற்றை வாங்கினார். நியூயார்க்குக்குக் கொண்டுசென்று நாற்பது ஆண்டுகள் பாதுகாத்தார். 1968ல் அவை நியூயார்க்கின் நவீனக் கலை அரும்பொருளகத்திடம் சேர்ந்தன. இடையில் அபோட் தாமும் ஒரு பணியில் இறங்கினார். மாறிக்கொண்டிருந்த நியூயார்க் நகரைத் தெருத் தெருவாகப் படம் எடுத்து 1939ல் நூலாக வெளியிட்டார். ஒரு முதியவரின் நடை, கடல் தாண்டி இன்னொரு நகரில் தொடர்ந்தது.

நம் தெருவிலிருந்து தொடங்கலாம்

அட்ஜேயின் பாரிசைப் போலத்தான் நம் நகரங்களும் வேகமாக மாறுகின்றன. பல வண்ணங்களில் நின்ற ரோச்சோர் சென்டர் இன்று இல்லை. கோலாலம்பூரின் பழைய புடு சிறைச்சாலை இருந்த இடத்தில் இன்று கடைத்தொகுதி இருக்கிறது. பிரபலமான கட்டடங்களை இடிப்பதற்கு முன் பலரும் ஓடிப் போய்ப் படம் எடுக்கிறார்கள். ஆனால் வீவக புளோக்கின் கீழே உள்ள கோப்பிக்கடையையும், தாத்தா தினமும் உட்கார்ந்த கல்மேசையையும், பள்ளிக்குப் போகும் வழியில் இருந்த மளிகைக்கடையின் பெயர்ப்பலகையையும் யார் எடுத்து வைத்திருக்கிறார்கள்?

இதற்குப் பெரிய கேமரா வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பயணமும் வேண்டியதில்லை. தினமும் நடக்கும் ஒரு தெருவைத் தேர்ந்தெடுக்கலாம். மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுக்கலாம். எடுத்த படத்துடன் இடம், தேதி, கடைக்காரரின் தொழில் ஆகியவற்றை இரண்டு வரியில் எழுதி வைக்கலாம். நம் திறன்பேசிகளில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. பத்து ஆண்டுகள் கழித்து அவற்றில் எத்தனை படங்களைப் பார்த்து, இது எந்த இடம் என்று நம்மால் சொல்ல முடியும்?

அட்ஜே ஒரு பென்சிலால் அந்த வேலையைச் செய்து வைத்தார். அதனால்தான் மூடப்பட்ட ஆற்றையும் இடிக்கப்பட்ட வீடுகளையும் பாரிஸ் மக்கள் இன்றும் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடிகிறது.