சமையலறையில் பிறந்த கருவி

பௌதிகம் பயிலும் எனக்கு இதய மருத்துவத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நான் எழுதப் புகுந்தது ஒரு குழாயையும், அதை ஆக்கிய மனிதரையும் பற்றியே.

குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் திரவ ஓட்டம் 16-இல் ஒரு பங்காகிவிடும் என்று நாம் படித்திருக்கிறோம். இதயத் தசைக்கு இரத்தம் ஊட்டும் தமனிகள் கொழுப்புப் படிந்து குறுகினால் நேரும் கேடும் இத்தகையதே. அத்தமனிகளை எக்ஸ்ரே படத்தில் தெளிவாகக் காண 1958-இல் அமெரிக்க மருத்துவர் மேசன் சோன்ஸ் வழிகண்டார். நெஞ்சைப் பிளக்காமல் அடைப்பை விரிக்க வழிகண்டவர் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக்.

1939-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர் அவர். தந்தையைப் போரில் இழந்தார். கிழக்கு ஜெர்மனியிலிருந்து மேற்கே வந்து ஹைடல்பர்கில் மருத்துவம் பயின்றார். 1969-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகருக்குப் பணியாற்றச் சென்றார்.

கால் தமனியின் அடைப்பைக் குழாய் செலுத்தி விரிக்கும் முறையை 1964-இல் அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர் தொடங்கியிருந்தார். குழாயோடு ஒரு பலூனையும் சேர்க்க விழைந்தார் குரூன்ட்சிக். அது அடைப்பை அமுக்குமளவு உறுதியாக இருக்கவேண்டும். ஆனால் குறித்த அளவுக்குமேல் பருக்கக்கூடாது. ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஹாப்ஃப், பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கை எடுத்துரைத்தார். பகலில் மருத்துவமனை, மாலையில் வீட்டுச் சமையலறை மேசை. உதவியாளர் மரியா ஷ்லும்ப் துணைநிற்க, அங்கேதான் பலூன்கள் உருவாயின.

அக்குழாய்க்குள் இரண்டு வழிகள். ஒன்று பலூனை விரிக்க. மற்றொன்று முனையில் அழுத்தத்தை அளக்க. என்னைக் கவர்ந்தது இந்த இரண்டாம் வழியே. படம் அடைப்பின் தோற்றத்தைக் காட்டும். அந்த அடைப்பு ஓட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை அழுத்தமல்லவா சொல்லவேண்டும்!

1977 செப்டம்பர் 16. நோயாளிக்கு வயது 38, அவர் விழித்தேயிருந்தார். அறுவை மருத்துவர்கள் ஆயத்தமாகக் காத்திருந்தனர். பலூன் விரிந்து சுருங்கியதும் அடைப்புக்கு அப்பால் அழுத்தம் உயர்ந்தது. எஞ்சிய வேறுபாட்டையும் போக்க மறுமுறை விரித்தார். அறுவை மருத்துவர்களுக்கு வேலை இல்லாமற்போயிற்று.

1979-இல் முதல் 50 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். வெற்றி 32 பேரிடம் மட்டுமே. மீதி 18-ஐ அவர் மறைக்கவில்லை. ஒத்துவராத ஒரு புள்ளியை என் வரைபடத்திலிருந்து நீக்கிவிடலாமா என்று நானும் ஓரிரவு தயங்கி நின்றதுண்டு. அந்த 18 நினைவுக்கு வந்தது. புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

1980-இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1985 அக்டோபர் 27 அன்று அவரே ஓட்டிய சிறு விமானம் விழுந்து, மனைவியோடு மாண்டார். வயது 46. முதல் நோயாளியின் தமனியை 1987-இல் படமெடுத்துப் பார்த்தபோது அது திறந்தே இருந்தது. அதைக் காண அவர் இல்லை.

இன்று அழுத்தத்தை அளக்க மெல்லிய கம்பி உண்டு; தமனிக்குள்ளிருந்தே ஒளியால் எடுத்த படத்தைக் கொண்டு ஓட்டத்தைக் கணிக்கும் முறையும் உண்டு. அடைப்பைக் கண்டால் போதாது, அதை அளக்கவும் வேண்டும் என்று அந்தச் சமையலறை மேசையில் எழுந்த எண்ணம் மட்டும் மாறவில்லை.