பளபளப்புக்குப் பின்னால் பார்த்தவர்: சர் சி. வி. ராமன்



ராஸ் லஃபானிலிருந்து அல் கோர் போகும் வழியில் கடலைப் பார்த்திருப்பீர்கள். உச்சி வெயிலில் தண்ணீர் கண்ணாடிபோல் மின்னிக் கண் கூசும். அந்த மினுக்கத்தை விலக்கிவிட்டுக் கடலைப் பார்க்க நினைத்த ஒரு தமிழரின் வரலாறு இது.

சந்திரசேகர வெங்கட ராமன் 1888 நவம்பர் 7 அன்று திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தை கல்லூரி ஆசிரியர். விசாகப்பட்டினத்தில் புனித அலோசியஸ் பள்ளியில் படித்துவிட்டு, சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1906-இல், மாணவராக இருக்கும்போதே, ஒளியைப் பற்றிய அவரது முதல் கட்டுரை இங்கிலாந்து இதழில் வெளிவந்தது. மேற்படிப்புக்கு அங்கே போக உடல்நிலை இடம் தராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் 1907-இல் அரசு நிதித்துறையில் அதிகாரியாகிக் கல்கத்தா போனார்.

ஆனாலும் அறிவியலை விடவில்லை. அலுவலகத்துக்கு முன்பு அதிகாலையிலும், வேலை முடிந்த பின்பு இரவிலும் பவ் பஜார் தெருவிலிருந்த ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917-இல் பெரிய சம்பளத்தை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்தில் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

1921-இல் இங்கிலாந்து போய்த் திரும்பும்போது, நர்குண்டா என்ற கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டார். வானத்தின் நீலம்தான் கடலில் பிரதிபலிக்கிறது என்பது பேரறிஞர் ரேலே பிரபுவின் கருத்து. ராமன் அதைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். அவரிடம் நிக்கோல் பட்டகம் என்ற சிறு கருவி இருந்தது. நீரின்மேல் குறிப்பிட்ட சாய்வில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே திசையில் அதிரும். பட்டகத்தைச் சரியாகத் திருப்பினால் அந்த ஒளி நின்றுவிடும். அப்பா கார் ஓட்டும்போது போடும் போலராய்டு கூலிங் கிளாஸும் இதைத்தான் செய்கிறது. அப்படிப் பார்த்தபோது வானத்தின் பிரதிபலிப்பு மறைந்தது. கடலின் நீலமோ மறையவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது! தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடித்து நீலத்தைத் தருகின்றன என்று கண்டு, பம்பாய் வந்து சேர்ந்ததும் கட்டுரை அனுப்பினார். அந்த ஆராய்ச்சி வளர்ந்து, 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு பிறந்தது. உடன் உழைத்தவர் கே. எஸ். கிருஷ்ணன். 1930-இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பின்னாளில் அவர் முத்துகளையும் சிப்பிகளையும் ஆராய்ந்தார். நம் வளைகுடாவிலும் அந்நாளில் முத்துக்குளித்து முத்துகள் எடுத்தார்கள். சிப்பியின் உட்புறம் மிக மெல்லிய அடுக்குகளால் ஆனது. அடுக்கடுக்காகத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றுசேர்ந்து வண்ணம் காட்டுகின்றன.

அலைகள் ஒன்றையொன்று அழிக்கவும் முடியும். வெறும் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் சுமார் 4 சதவீதம் திரும்பிவிடும். அதன்மேல் ஒளியலையின் நீளத்தில் கால் பங்கு கனத்துக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு, ஏற்ற பொருளைப் பூசினால் என்ன ஆகும்? பூச்சின் மேலிருந்து ஓர் அலை திரும்பும்; அடியிலிருந்து இன்னொன்று திரும்பும். அடியலை போய்வர அரை அலை பின்தங்கிவிடும். ஒன்று மேடாகும்போது மற்றது பள்ளமாகும், இரண்டும் அடங்கிவிடும். அந்த ஒளி வீணாகாது, கண்ணாடி வழியே உள்ளே போய்விடும். 1938-இல் அமெரிக்காவின் கேத்தரின் பிளாட்ஜெட் அம்மையார், ஒரு மூலக்கூறு கனமுள்ள 44 படலங்களை அடுக்கி, பிரதிபலிக்காத கண்ணாடியை உருவாக்கிக் காட்டினார். இன்று மூக்குக்கண்ணாடி, கேமரா, சூரிய மின்தகடு எல்லாவற்றிலும் இவ்வகைப் பூச்சு உண்டு.

ராமன் 1948-இல் பெங்களூரில் தம் பெயரிலான ஆய்வு நிறுவனத்தை அமைத்து, 1970 நவம்பர் 21 அன்று மறையும்வரை அங்கேயே உழைத்தார்.

பிள்ளைகளே, பூச்சுள்ள மூக்குக்கண்ணாடி ஒன்றை டியூப் லைட்டின்கீழ் சாய்த்துப் பாருங்கள். இலேசான பச்சையோ ஊதாவோ தெரியும். ஒரே பூச்சு எல்லா நிறங்களையும் ஒரேபோல அடக்காததால் மிஞ்சிய ஒளி அது. பெரியவர்கள் சொன்னதை மதித்துக் கேளுங்கள். ராமனைப்போல நீங்களும் சோதித்துப் பாருங்கள்.