ஆலைத் தொழிலாளரின் வ.உ.சி.

கடலோடு வாழும் நமது தீவகத்து மக்கள் வ.உ.சிதம்பரம்பிள்ளையைக் கப்பலோட்டிய தமிழராக அறிவர். ஆலைத் தொழிலாளரை ஒன்றிணைத்தவரும் அவரே என்பதை நாம் பெரிதும் மறந்துவிட்டோம்.

1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவரது சுதேசிக் கப்பல் நிறுவனத்தில் ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 இலட்சம் ரூபாவுக்குப் பங்குகள் வாங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பல்கள் ஓடின.

1908 பெப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலையில் வேலைநிறுத்தம் மூண்டது. தலைமையேற்ற வ.உ.சி., பட்டினி கிடந்த குடும்பங்களுக்காக நிதி திரட்டினார். தொழிலாளரை எதிர்த்தோருக்கு நாவிதர் சவரம் செய்யவும் மறுத்தனர். மார்ச்சில் நிர்வாகம் பணிந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. சில நாள்களில் அவர் கைதானபோது அதே தொழிலாளர் மீண்டும் வெளியேறினர், இம்முறை தமக்கென எதுவும் கேளாமலே. தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி ஊக்கத்தொகை எனப் பிரிந்து நிற்கும் இன்றைய தொழிலாளர்க்கு இது விளங்குமா?

1912இல் விடுதலையானபோது சிறைவாயிலில் கூட்டமில்லை. கப்பல்கள் கைமாறியிருந்தன, வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தது. வறுமையிலும் அவர் தொழிற்சங்கப் பணியை விடவில்லை. 1936இல் தூத்துக்குடியிலேயே மறைந்தார்.