எண்களோடு விளையாடிய வல்லத்துப் பிள்ளை

1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 31ந் தேதி.

எகிப்து நாட்டின் தலைநகரம் கெய்ரோ. அங்கிருந்து இரவு நேரத்தில் ஒரு விமானம் கிளம்பியது. பம்பாயில் இருந்து வந்த விமானம் அது. ரோம் வழியாக அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரத்துக்குப் போக வேண்டும்.

கிளம்பிய சிறிது நேரத்தில் ஒரு என்ஜின் பழுதாகித் தீப்பிடித்தது. விமானம் கீழே விழுந்து நொறுங்கியது. அதில் இருந்தவர்கள் 55 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இறந்தவர்களில் பெயர் பெற்றவர்கள் பலர். சண்டிகார் நகரத்துக்குத் திட்டம் வரைந்த போலந்து நாட்டுக் கட்டிடக் கலைஞர் நோவிக்கி ஒருவர். எகிப்து நாட்டு நடிகை கமேலியா ஒருவர்.

தமிழர் ஒருவரும் அந்த விமானத்தில் இருந்தார். அவருக்கு வயது 49. கணக்கு மேதைகளின் உலக மகாநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணக்கு உலகம் அவரை எஸ்.எஸ்.பிள்ளை என்று அழைக்கும்.

யார் இந்தப் பிள்ளை?

குற்றாலத்தின் பக்கத்து ஊர்

தென்காசிக்கு மேற்கே குற்றாலம். ஆனி, ஆடி மாதங்களில் சாரல் தூறும். அருவிகளில் வெள்ளம் கொட்டும். ஊர் ஊராக ஜனங்கள் குளிக்க வருவார்கள்.

குற்றாலத்தின் அருகே உள்ள ஊர் வல்லம். அப்போது திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. 2019ஆம் ஆண்டில் தென்காசி தனி மாவட்டமாகியது. வல்லம் அதில் சேர்ந்தது.

அந்த வல்லத்தில் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ந் தேதி சிவசங்கரநாராயணன் பிறந்தான். தகப்பனார் சுப்பையா பிள்ளை. தாயார் கோமதி அம்மாள்.

குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது தாயார் இறந்துவிட்டார். தாய் முகம் பார்த்துப் பேசப் பழகும் முன்பே தாய் போய்விட்டாள். உறவுக்காரப் பாட்டி ஒருவரின் உதவியோடு தகப்பனார் பிள்ளையை வளர்த்தார்.

பையன் வளர்ந்தான். செங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ராஜாவின் சீமை. 1956ஆம் ஆண்டில்தான் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

பள்ளிப் படிப்பு முடியப் போகிற சமயம். கடைசி வகுப்பு. அப்போது இன்னொரு இடி விழுந்தது. தகப்பனாரும் இறந்துபோனார்.

தாயும் இல்லை. தகப்பனும் இல்லை. கையில் காசும் இல்லை. இனிமேல் படிப்பு எதற்கு? எங்காவது வேலைக்குப் போனால் ஒருவேளைச் சோறாவது கிடைக்கும். அந்த நிலையில் இருக்கிற எந்தப் பையனும் அப்படித்தான் நினைப்பான்.

ஆசிரியர் திறந்த வழி

பையனின் அறிவைக் கவனித்து வந்த ஆசிரியர் ஒருவர் அந்தப் பள்ளியில் இருந்தார். அவரைச் சாஸ்திரியார் என்று அழைப்பார்கள்.

படிப்பு நின்றுவிடக் கூடாது என்று அவர் முடிவு செய்தார். தம்முடைய மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை அந்தப் பையனுக்கு ஒதுக்கினார். அந்தக் காலத்தில் பள்ளி ஆசிரியரின் சம்பளம் என்ன பெரிய சம்பளமா? இருந்தும் கொடுத்தார்.

பையன் தேறினான். உபகாரச் சம்பளம் கிடைத்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தான். பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரிக்குப் போய் பி.ஏ. பட்டம் பெற்றான்.

1927ஆம் ஆண்டில் சென்னை சர்வகலாசாலை அவருக்கு ஆராய்ச்சி உதவித் தொகை கொடுத்தது. அங்கே பேராசிரியர் ஆனந்த ராவ் இருந்தார். அவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் படித்தவர். கணித மேதை ராமானுஜன் அங்கே இருந்த நாட்களில் அவரும் இருந்தார். பேராசிரியர் வைத்தியநாதசுவாமியும் பிள்ளைக்கு வழி காட்டினார்.

1929ஆம் ஆண்டு சிதம்பரத்தில் அண்ணாமலை சர்வகலாசாலை தொடங்கியது. அதே ஆண்டில் பிள்ளை அங்கே விரிவுரையாளர் ஆனார். 1941 வரை அங்கேதான் இருந்தார். அவருடைய பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் அங்கேதான் பிறந்தன.

கோலப் புள்ளியில் ஒரு கணக்கு

அவர் கண்டுபிடித்தது என்ன? கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும்.

வரிசைக்கு 4 புள்ளி. இப்படி 4 வரிசை. மொத்தம் 16 புள்ளி. சதுரமான கோலம் வரும். வரிசைக்கு 5 வீதம் 5 வரிசை வைத்தால் 25 புள்ளி. ஒற்றைப் புள்ளியையும் ஒரு சதுரக் கோலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1, 4, 9, 16, 25 இவை எல்லாம் சதுர எண்கள். பள்ளிக்கூடத்தில் வர்க்கம் என்பார்கள்.

இப்போது உங்களிடம் 30 புள்ளிகள் இருக்கின்றன. எத்தனை சதுரக் கோலங்களில் அவற்றை அடக்கலாம்? 25, 4, 1. மூன்று கோலம் போதும். 7 புள்ளிகள் இருந்தால்? 4, 1, 1, 1. நான்கு கோலம் வேண்டும்.

எத்தனை புள்ளி இருந்தாலும் நான்கு கோலத்துக்கு மேல் தேவைப்படாது. லட்சம் புள்ளி ஆனாலும் சரி, கோடி ஆனாலும் சரி. இதை 1770ஆம் ஆண்டில் லக்ராஞ்சி என்ற மேதை நிரூபித்தார்.

அதே ஆண்டில் இங்கிலாந்தில் வேரிங் என்பவர் மேலும் ஒரு படி போனார். தரையில் புள்ளி வைப்பதற்குப் பதிலாகக் கட்டைகளை மேலே மேலே அடுக்கினால் என்ன? நீளம் 2, அகலம் 2, உயரம் 2 என்றால் 8 கட்டை. 3 வீதம் அடுக்கினால் 27 கட்டை. இது கனம். 23 கட்டைகளை இப்படி அடுக்கிப் பாருங்கள். 8, 8, பிறகு ஏழு ஒற்றைக் கட்டைகள். ஆக ஒன்பது அடுக்குகள். எந்த எண்ணானாலும் ஒன்பது கனம் போதும் என்று வேரிங் சொன்னார். நிரூபிக்கவில்லை. அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நிரூபணம் ஆகியது.

கனத்தோடு நிற்காமல் ஓர் எண்ணை நான்கு முறை, ஐந்து முறை, ஆறு முறை எழுதிப் பெருக்கிக்கொண்டே போனால்? ஒவ்வொன்றுக்கும் எத்தனை எண்கள் போதும்? இதுதான் வேரிங் கணக்கு. 150 ஆண்டுகளுக்கு மேலாக உலகத்தின் பெரிய மூளைகளை எல்லாம் இது ஆட்டிப் படைத்தது.

சிதம்பரத்தில் இருந்து வந்த விடை

1930க்குப் பிந்தைய ஆண்டுகளில் பிள்ளை இந்தக் கணக்கில் இறங்கினார். கணக்குப் போடும் யந்திரங்கள் மேசைக்கு மேசை வந்திராத காலம். காகிதமும் பேனாவும்தான் துணை.

1936 வாக்கில் ஏழு முறை பெருக்குவதில் தொடங்கி அதற்கு மேல் உள்ளவற்றுக்கு அவர் விடை கண்டார். ஒரு சிறு நிபந்தனைக்கு உட்பட்ட விடை அது. அதே சமயத்தில் அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில் டிக்சன் என்ற பெரிய பேராசிரியரும் அதே விடையைக் கண்டார். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யவில்லை. இருவரும் தனித் தனியாகவே கண்டுபிடித்தார்கள்.

ஆறு முறை பெருக்குவது யாருக்கும் பிடிபடாமல் நின்றது. 1940ஆம் ஆண்டில் பிள்ளை அதையும் முடித்தார். விடை 73.

2ஐ ஆறு முறை எழுதிப் பெருக்கினால் 64. மூன்றை அப்படிப் பெருக்கினால் 729. இப்போது 703 என்ற எண்ணை எடுங்கள். 729 அதைவிடப் பெரியது. ஆகவே 64ஐயும் 1ஐயும் மட்டும்தான் பயன்படுத்த முடியும். பத்து 64 சேர்ந்தால் 640. மீதி 63க்கு அறுபத்து மூன்று ஒன்றுகள். மொத்தம் 73. ஆகவே 73க்குக் குறைந்தால் போதாது. எந்த எண்ணுக்கும் 73க்கு மேல் வேண்டாம் என்று காட்டுவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைத்தான் பிள்ளை வென்றார்.

தனியாள் இருக்கிறானா?

அதே 1940இல் அவர் இன்னொரு விந்தையும் கண்டார். அதை வீட்டில் உட்கார்ந்து நீங்களே செய்து பார்க்கலாம்.

அடுத்தடுத்து வரும் எண்களை எடுங்கள். 24, 25, 26, 27, 28. இதில் 24ஐயும் 27ஐயும் 3 வகுக்கும். 24, 26, 28 மூன்றையும் 2 வகுக்கும். இவை எல்லாம் உறவுக்காரர்கள். 25ஐப் பாருங்கள். அதை வகுப்பது 5. மற்ற நான்கில் எதையும் 5 வகுக்காது. ஆகவே 25க்கு அங்கே உறவு கிடையாது. அது தனியாள்.

வேறு எண்களை எடுத்தாலும் இப்படி ஒரு தனியாள் இருப்பானா?

வரிசையில் 16 எண் வரை இருந்தால் நிச்சயம் இருப்பான் என்று பிள்ளை நிரூபித்தார். எங்கே தொடங்கினாலும் சரி. 17 எண் ஆகிவிட்டால் அந்த உறுதி போய்விடும்.

2184 முதல் 2200 வரை எழுதுங்கள். 17 எண்கள். இரட்டைப்படை எண்கள் எல்லாவற்றையும் 2 வகுக்கும். 2187, 2193, 2199 மூன்றையும் 3 வகுக்கும். 2185ஐயும் 2195ஐயும் 5 வகுக்கும். 2191ஐயும் 2184ஐயும் 7 வகுக்கும். 2189க்கும் 2200க்கும் 11. 2197க்கும் 2184க்கும் 13. அவ்வளவுதான். 17 பேரில் தனியாள் ஒருவன்கூட இல்லை.

17 முதல் 430 வரை எந்த நீளத்திலும் இப்படிப்பட்ட வரிசை உண்டு என்று பிள்ளை காட்டினார். அதற்கு மேல் எல்லா நீளத்துக்கும் அது பொருந்தும் என்று பிரவர் என்பவர் 1941இல் நிரூபித்தார்.

இந்த யோசனை பழையதாகிவிடவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்காக உலகக் கணித ஒலிம்பியாடு என்று ஒரு போட்டி நடக்கிறது. 1959ஆம் ஆண்டில் ருமேனியாவில் தொடங்கியது. இந்தியா 1989 முதல் கலந்துகொள்கிறது. 2016ஆம் ஆண்டு ஹாங்காங்கில் நடந்த போட்டியில் ஒரு கேள்வி வந்தது. தனியாள் இல்லாத எண் கூட்டத்துக்கு நறுமணக் கூட்டம் என்று பெயர் வைத்தார்கள். ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி, அதோடு அந்த எண்ணையும் ஒன்றையும் கூட்ட வேண்டும். இப்படி அடுத்தடுத்து வரும் எண்களில் நறுமணக் கூட்டம் அமையக் குறைந்தது எத்தனை எண் வேண்டும்? விடை 6. கேள்வி வேறு, வேர் ஒன்றுதான். சிதம்பரத்தில் பிள்ளை தேடிய அதே தனியாளைத்தான் உலகத்துப் பிள்ளைகள் ஹாங்காங்கில் தேடினார்கள்.

கடைசிப் பயணம்

சென்னை சர்வகலாசாலை பிள்ளைக்கு டி.எஸ்ஸி. பட்டம் கொடுத்தது. 1941இல் அவர் திருவிதாங்கூர் சர்வகலாசாலைக்குப் போனார். அடுத்த ஆண்டு கல்கத்தாவுக்குப் போனார். அங்கே அவரை அழைத்தவர் லெவி என்ற ஜெர்மானியப் பேராசிரியர். யூதர் என்பதால் ஹிட்லர் ஆட்சியில் வேலை இழந்து இந்தியாவுக்கு வந்தவர் அவர்.

1950இல் அமெரிக்காவில் இருந்து அழைப்பு வந்தது. பிரின்ஸ்டனில் உள்ள உயர் ஆராய்ச்சி நிலையத்தில் ஓராண்டு தங்கலாம். ஐன்ஸ்டீன் இருந்த இடம் அது. ஹார்வர்டில் உலகக் கணித மகாநாடு. சென்னை சர்வகலாசாலையின் பிரதிநிதியாகப் பிள்ளை கலந்துகொள்ள வேண்டும்.

விமானம் ஏறினார். மகாநாடு ஆகஸ்ட் 30ந் தேதி தொடங்கியது. மறுநாள் அவர் உயிரோடு இல்லை.

அவர் முடிக்காமல் விட்டதை மற்றவர்கள் தொடர்ந்தார்கள். ஐந்து முறை பெருக்குவதற்கு விடை 37 என்று 1964இல் சீனாவின் சென் ஜிங்ருன் நிரூபித்தார். நான்கு முறைக்கு விடை 19. அதை 1986இல் நிரூபித்த மூவரில் ஒருவர் சென்னையில் ஆராய்ச்சி செய்த தமிழர் பாலசுப்பிரமணியன். பிள்ளையின் ஆராய்ச்சிகள் 2010இல் தொகுப்பு நூலாக வெளிவந்தன.

ஒரு கேள்வி மட்டும் இன்றும் பாக்கி இருக்கிறது. 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36. இவை எல்லாம் ஏதாவது ஓர் எண்ணை இரண்டு முறையோ அதற்கு மேலோ எழுதிப் பெருக்கினால் வரும் எண்கள். 8க்கும் 9க்கும் இடைவெளி 1தான். 25க்கும் 27க்கும் 2தான். போகப் போக இப்படிச் சிறிய இடைவெளிகள் நின்றுபோகும், இடைவெளி எல்லை இல்லாமல் வளரும் என்று பிள்ளை கருதினார். சரி என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. தவறு என்றும் யாரும் காட்டவில்லை. உலகம் இதைப் பிள்ளையின் ஊகம் என்று அழைக்கிறது.

குற்றாலத்தில் சீசன் வந்தால் வல்லத்தின் பக்கமாக எத்தனையோ ஆயிரம் பேர் போகிறார்கள். தாய் தகப்பன் இல்லாத ஓர் ஏழைப் பையன் அந்த ஊரில் இருந்து புறப்பட்டான். ஓர் ஆசிரியர் தம் சம்பளத்தில் கொடுத்த பணம் அவனை உலகம் அறியச் செய்தது.

அந்த ஆசிரியரைப் போன்றவர்கள் இருக்கும் வரை, பிள்ளை விட்டுப்போன கேள்விக்கு விடை சொல்லும் பையனோ பெண்ணோ எந்தக் கிராமத்தில் இருந்தும் வரலாம். வல்லத்தில் இருந்தே வரலாம்!