26 நாளில் ஒரு நாவல்!

ஒரு கதை பாதியில் நிற்கிறது. இன்னொரு கதையில் ஒரு வரிகூட எழுதவில்லை. கெடு முடிய ஒரே மாதம்தான் பாக்கி. தவறினால் 9 ஆண்டு உழைப்பும் இன்னொருவர் கைக்குப் போய்விடும்!

1866-ம் ஆண்டு, ருஷிய எழுத்தாளர் தாஸ்தாயெவ்ஸ்கி இந்த நிலையில்தான் இருந்தார்.

அவர் 1821-ல் மாஸ்கோ நகரில் பிறந்தார். இளம் வயதிலேயே பேர் பெற்றார். ராஜத் துரோகக் குற்றம் சாட்டி 1849-ல் அவரைக் கைது செய்தார்கள். மரண தண்டனை விதித்தார்கள். சுட்டுக் கொல்லும் இடத்துக்கே கொண்டு போனார்கள். கடைசி நிமிடத்தில் உயிர் தப்பியது. சைபீரியாவில் 4 ஆண்டு கடுங்காவல் அனுபவித்தார்.

தலைக்கு மேல் கடன்

1864-ல் மனைவி இறந்தார். மூன்று மாதத்துக்குள் அண்ணனும் இறந்தார். அண்ணன் நடத்திய பத்திரிகையின் கடனும், அண்ணன் குடும்பமும் இவர் பொறுப்பாயின.

ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளர் 1865-ல் 3 ஆயிரம் ரூபிள் கொடுத்தார். அதற்கு ஒரு நிபந்தனை போட்டார். 1866 நவம்பர் 1-ந் தேதிக்குள் புது நாவல் ஒன்று தர வேண்டும். தராவிட்டால், 9 ஆண்டுகளுக்குத் தாஸ்தாயெவ்ஸ்கியின் நூல்களைக் காசு தராமலே அச்சிட்டுக்கொள்வார்!

கடன்காரர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய பணத்துடன் தாஸ்தாயெவ்ஸ்கி வெளிநாடு போனார். அதையும் சூதாடித் தோற்றார்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று

1866-ல் “குற்றமும் தண்டனையும்” என்ற அவரது நாவல் ஒரு பத்திரிகையில் தொடர்கதையாக வந்துகொண்டிருந்தது. ஒரு நாவலைக் காலையிலும், மற்றதை மாலையிலும் எழுதலாம் என்று அவர் திட்டமிட்டார். அது நடக்கவில்லை. செப்டம்பர் முடிந்தது. பதிப்பாளருக்குத் தரவேண்டிய கதை தொடங்கவே இல்லை.

நண்பர்கள் ஆளுக்கு ஒரு பகுதி எழுதித் தருவதாகச் சொன்னார்கள். மற்றவர் எழுத்தில் தம் பெயரைப் போட அவர் சம்மதிக்கவில்லை. சுருக்கெழுத்துத் தெரிந்த ஒருவரை அமர்த்த மட்டும் ஒப்புக்கொண்டார்.

அக்டோபர் 4-ந் தேதி அன்னா என்ற பெண் வந்தார். வயது 20. பகலில் அவர் கதை சொல்ல, அன்னா சுருக்கெழுத்தில் குறித்துக்கொள்வார். இரவு வீட்டில் உட்கார்ந்து அதை விரித்து எழுதுவார். மறுநாள் தவறாமல் கொண்டு வருவார். அதே இரவில் தாஸ்தாயெவ்ஸ்கி மறுநாளைய பகுதியைத் தயார் செய்வார். பெரிய நாவல் ஒதுங்கி நின்றது.

கதை எதைப் பற்றி? தம்மை ஆட்டி வைத்த சூதாட்டத்தைப் பற்றித்தான்! “சூதாடி” என்று பெயர் வைத்தார். 26 நாளில் நாவல் முடிந்தது.

போலீசில் கொடுத்தார்!

நவம்பர் 1-ந் தேதி. கதையை எடுத்துக்கொண்டு போனார். பதிப்பாளர் ஊரில் இல்லை! குமாஸ்தாவும் வாங்க மறுத்தார். தாஸ்தாயெவ்ஸ்கி கலங்கவில்லை. போலீஸ் நிலையத்துக்குப் போனார். கையெழுத்துப் பிரதியை ஒப்படைத்து ரசீது வாங்கினார். கெடு முடிய 2 மணி நேரமே இருந்தது!

உடனே பழைய நாவலை மீண்டும் எடுத்தார். அதன் கடைசிப் பகுதியையும் அன்னாவே எழுதிக்கொண்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் அதுவும் பத்திரிகையில் நிறைவு பெற்றது.

1867 பிப்ரவரியில் அன்னாவை அவர் மணந்தார். 1871-ல் சூதாட்டத்தை அடியோடு விட்டார். அன்னா பின்னாளில் கணவரின் நூல்களைத் தாமே வெளியிட்டார். கடன் மெல்ல மெல்ல அடைந்தது. 1881-ல் தாஸ்தாயெவ்ஸ்கி காலமானார்.

இரண்டு நாவலையும் உலகம் இன்றும் படிக்கிறது. அன்றன்றைய வேலையை அன்றன்றே முடித்த இருவரின் உழைப்பு அது!